சத்தம் விழாத உதைபந்தாட்டம்

ராசா, இதை ஆறுதலாக வாசி. தமிழ் வாசிக்க உனக்கு நேரமெடுக்கும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு என்று வெளிக்கிட்டு மைதானத்துக்குப் போனவன் நீ. உன்னை அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டவர் உன் அப்பா. எனக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். இதைத் தொலைபேசியில் சொல்லலாம் என்றால், நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கோயில் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கந்தசஷ்டியைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள், பாவம். இதைத்தான் கொடுக்கப்போகிறேன். உன் பெயரும் இருக்காது, என் பெயரும் இருக்காது. ஆனாலும் இங்கே ஜெர்மனியில், பீலபெல்டில் இருக்கிற எங்கள் சனத்துக்கு இது யார் வீட்டுக் கதை என்று முதல் பக்கத்திலேயே விளங்கிவிடும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் வழக்கம்போல உன் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். "உன் மகன்ரை ஆட்டம் தொடங்கப்போகுது" என்றுதான் அப்பா என்னைக் கூப்பிடுவார், நீ வர்ணனை செய்பவன் இல்லை, இறங்கி விளையாடுகிறவன் என்பதுபோல. இரண்டாம் பாதியில், கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற பார்வையாளர்களுக்குள் ஒரு மனிதர் விழுந்துவிட்டார். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அங்கே ஒருவருக்கு உதவி தேவைப்படுகிறது, நாம் காத்திருப்போம் என்று ஜெர்மனில் சொன்னாய். அதற்குப் பிறகு உன் குரல் வரவில்லை. அப்பா ரிமோட்டைத் தேடி எடுத்து அமத்தினார். பற்றரி போய்விட்டது என்றார். பிறகு கதிரையால் எழும்பிப் போய்ப் பெட்டிக்குப் பின்னால் இருந்த வயரை ஆட்டிப் பார்த்தார். சத்தம் வருகிறது, வடிவாகக் கேளுங்கோ என்று நான் சொன்னேன். மைதானத்துக் கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். ஒரு பிள்ளை என்னவோ கேட்க, அதற்குத் தாய் மெல்லமாகப் பதில் சொன்னதுகூடக் கேட்டது. நீ மட்டும் பேசவில்லை. அப்பா வயரை விட்டுவிட்டு அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டார்.

அந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஆட்டம் திரும்பவும் தொடங்கியது, நீயும் பேசத் தொடங்கினாய். அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். பிறகுதான் உன் மேலாளர் கூப்பிட்டுக் கதைத்தது தெரியவந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் அணிகளின் பழைய கதைகளைச் சொல்லி இடத்தை நிரப்பவேண்டும், பேச்சு நின்றால் பார்க்கிறவர்கள் வேறு பக்கம் போய்விடுவார்கள் என்று சொன்னாராம். இணையத்தில் எழுதியவர்களோ அதற்கும் மேலே. அந்நியனுக்கு ஜெர்மன் மறந்துபோய்விட்டது என்று ஒருவன் எழுதியிருக்கிறான். உன் ஜெர்மனில் பிழை பிடிக்கவேண்டுமென்றால் அவன் இன்னொருமுறை பிறந்து வரவேண்டும். நீ அதையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்திருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னாய்: "அம்மா, எனக்குச் சொல்லு வரேல்லை. சொல்லு வராதவனுக்கு இந்த வேலை என்னத்துக்கு?"

வருகிற ஆவணி மாதம் உன்னை இங்கிலாந்துக்கு அனுப்பவிருக்கிறார்கள். அங்கேயே தங்கியிருந்து, மைதானத்தில் இருந்தே வர்ணனை செய்கிற வேலை. அதற்கு மாத முடிவுக்குள் பதில் சொல்லவேண்டும். நீ வேண்டாம் என்று சொல்லப்போகிறாய். அதோடு நிற்காமல் இந்த வேலையையே விட்டுவிட்டு, அவுஸ்பில்டுங் என்று தொழில் பழகிய காப்புறுதி அலுவலகத்துக்குத் திரும்பிப் போகப்போகிறாய். விலகல் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்புவதுதான் மிச்சம் என்றாய். நானும் "சரி, யோசிச்சுச் செய்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. உன்மேல் இல்லை. எதை வைத்து யோசிப்பதென்று உனக்கு ஒன்றுமே தந்துவிடாமல் யோசி என்று சொன்ன என்மேல்தான்.

உன்னைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே எங்கள் சனம் ஒன்றைத்தான் சொல்லி வந்திருக்கிறது: "அப்பன்ரை வாய்." அது உண்மைதான். உன் அப்பாவுக்கு இருக்கிற வாய்க்கு, அவரை ஒரு தூணுக்குப் பக்கத்தில் விட்டாலும் அந்தத் தூணே இரண்டு வார்த்தை பேசும். ஆனால் அன்று அந்த மழைச் சத்தத்துக்குள் நீ பேசாமல் இருந்தாயே, அது அப்பாவிடம் இருந்து வந்ததில்லை. அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் இங்கே வந்த கதை உனக்குத் தெரியும். கிழக்குப் பேர்லினில் இறங்கி, எல்லையைத் தாண்டி மேற்குக்கு வந்து, அங்கிருந்து பிரித்து அனுப்பியதில் இந்த ஊருக்கு வந்தோம். நான் உன் மாமாவோடு வந்தேன். பழைய பள்ளிக்கூடம் ஒன்றை அகதிகளுக்கு விடுதியாக்கியிருந்தார்கள். அதைத்தான் நாங்கள் ஹைம் என்போம். மேல்மாடியில் பெண்களும் குடும்பங்களும், கீழே தனி ஆண்கள். வேலை செய்ய அனுமதி இல்லை, ஊரை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. அந்திராக் என்று அகதி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, பதில் வரும் என்று காத்திருந்த காலம். காலையில் எழும்பினால் பின்னேரம் வரைக்கும் செய்ய ஒன்றும் இருக்காது. அப்படி இருக்கிறவர்களுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கு விளங்காது. வீட்டில் வேண்டாத சாமான்களைத் தெருவோரத்தில் வைப்பார்களே, அந்த நாளில் மாமாவும் இன்னும் நாலைந்து பேரும் போய் ஒரு பெரிய பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார்கள். படம் வடிவாகத் தெரிந்தது. கீழே பொது அறையில் வைத்தார்கள்.

அந்த நாட்களில் இந்த ஊரில் பிரிட்டிஷ் படையினர் இருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு தொலைக்காட்சி அலைவரிசை இருந்தது. அன்ரெனாவை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்தால் எங்கள் பெட்டியிலும் அது விழும். ஆனால் படம் மட்டும்தான் விழும், சத்தம் விழாது. இங்கிலாந்தின் பெட்டிகளுக்குச் சத்தம் வேறு முறையில் வருமாம், ஜெர்மன் பெட்டி அதைப் பிடிக்காதாம். வெறும் இரைச்சல்தான் கேட்கும். அதனால் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். எங்கள் ஆண்களுக்கு ஆங்கிலம் தெரியும், ஜெர்மன் தெரியாது. ஜெர்மன் அலைவரிசையில் சத்தம் இருந்தது, விளங்கவில்லை. ஆங்கில அலைவரிசை விளங்கியிருக்கும், ஆனால் சத்தம் இல்லை. இப்படி ஒரு கோமாளித்தனம் எங்களுக்குத்தான் வாய்க்கும்.

இங்கிலாந்து உதைபந்தாட்டம் அதில்தான் வந்தது. ஊரில் கழகத்துக்கு விளையாடிய பெடியள் அங்கே நிறையப் பேர். ஒரே சேறான மைதானம், தொடைவரை ஏறிய கட்டைக் காற்சட்டை, கம்பி வேலிக்குப் பின்னால் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற சனம். எல்லாம் வாய் திறந்து கத்துவது தெரியும், ஒன்றும் கேட்காது. முதல் நாள் எல்லாரும் அமைதியாகப் பார்த்தார்களாம். இரண்டாம் கிழமை அப்பா எழும்பி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, தானே வர்ணனை செய்யத் தொடங்கிவிட்டார். அப்போது அவர் யாரோ ஒரு பெடியன், எனக்குப் பெயரும் தெரியாது. நடுவருக்கு, ஊர்ப் பிணக்கெல்லாம் தீர்க்கிற விதானையார் என்று பெயர் வைத்தார். கரையோரமாக ஓடுகிற ஆளுக்கு மீன்காரன் என்று பெயர், வெயில் ஏற முன்னம் விற்று முடிக்க ஓடுகிறானாம். ஓவர்கோட்டோடு வாங்கில் விறைத்துப்போய் இருக்கிற பயிற்சியாளர்கள் பெண் வீட்டார். "விதானையார் விசில் ஊதுறார், பெண் வீட்டார் எழும்பி நிக்கினம், சீதனத்திலை ஏதோ குறை போலை" என்பார். அறை முழுக்கச் சிரிப்பில் அதிரும். பொது அறைக்குப் பக்கத்தில்தான் சமையலறை. நான் உதைபந்தாட்டம் பார்த்ததில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தக் குரலைக் கேட்பேன். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தால் மாமா முறைப்பார் என்பதால் பார்க்கமாட்டேன். பல கிழமைகள் அந்த ஹைமில் எங்கள் எல்லாருக்கும் சனிக்கிழமை என்று ஒரு நாள் இருந்ததென்றால், அது உன் அப்பாவால்தான்.

எண்பத்தைந்தாம் ஆண்டு வைகாசி மாதம் ஐரோப்பியக் கிண்ணத்தின் இறுதியாட்டம் வந்தது. இங்கிலாந்துக் கழகமும் இத்தாலிக் கழகமும் பிரசெல்ஸ் நகரில் விளையாடவிருந்தன. அன்று மேல்மாடியில் இருந்தவர்களும் கீழே வந்துவிட்டார்கள். வெளியே இன்னும் வெயில் எறித்தது. நான் உருளைக்கிழங்கும் கத்தியும் கையில் இருக்க, சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். அன்று யாரும் முறைக்கவில்லை. ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. கமரா பார்வையாளர் பக்கத்தைக் காட்டியது. அங்கே ஒரு பகுதியில் சனம் திடீரென்று ஓடத் தொடங்கியது. ஒரே திசையில், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடியது. சிலர் வேலியால் ஏறிக் குதித்தார்கள். அப்பா தன் கதிரையில் நிமிர்ந்திருந்து சொன்னார், பொறுக்க முடியாமல் பந்திக்கு இடம் பிடிக்க ஓடுகிறார்கள், இலை போட முன்னமே அடிபாடு, சோறு முடிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். எல்லாரும் சிரித்தார்கள். சொன்ன அப்பாவும் சிரித்தார்.

நான் ஏன் சிரிக்கவில்லை என்று சொல்கிறேன். எண்பத்துமூன்று ஆடியில், தமிழரைத் தேடித் தேடி அடித்த அந்தக் கலவரத்தில், நான் கொழும்பில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். எப்படித் தப்பினேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கித் தட்டெழுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தன் மேல்மாடி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். யன்னல் திரைச்சீலையின் ஓரத்தால் எங்கள் ஒழுங்கை தெரிந்தது. எங்கள் ஆட்கள் ஓடினார்கள். நான் தினமும் காலையில் சிரித்துவிட்டுப் போகிற மனிதர்கள். அந்த அம்மா, நான் அழுவது வெளியே கேட்கக்கூடாது என்று கீழே வானொலியைச் சத்தமாகப் போட்டிருந்தார். அதில் ஒருவர் இனிமையான குரலில் பாட்டுகளை அறிவித்துக்கொண்டிருந்தார். ஒழுங்கையில் நடந்ததை நான் அந்தக் குரலோடுதான் பார்த்தேன். அந்த அம்மாவில் பிழை இல்லை, அவரால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். ஆனால் கண்ணுக்கு முன்னால் அப்படி ஒன்று நடக்கும்போது காதில் ஒரு சந்தோசமான குரல் கேட்டுக்கொண்டிருந்தால் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அதனால் அந்த அறையில் நான் வாய் திறந்தேன். அதுவரை அந்த ஆண்களோடு ஒரு வார்த்தை பேசியிராதவள்.

"நிப்பாட்டுங்கோ. அது பந்திக்கு ஓடுற சனமில்லை. திரும்பித் திரும்பிப் பாக்கினம். அவையை ஆரோ துரத்துகினம்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு பெட்டியைப் பார்த்தார்கள். சந்தோசத்தில் ஓடுகிறவர்கள் முன்னுக்குப் பார்ப்பார்கள், பக்கத்தில் வருகிறவனைப் பார்ப்பார்கள். பின்னுக்குப் பார்த்துக்கொண்டு ஓடமாட்டார்கள். நான் சொன்ன பிறகு எல்லாருக்கும் அது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கமரா இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அங்கே சுவர் இடிந்திருந்தது. கீழே ஆட்கள் கிடந்தார்கள். கழகக் கொடிகளால் அவர்களை மூடினார்கள். மாமா எழும்பிப் போய் ஜெர்மன் அலைவரிசையைத் திருப்பினார். அதிலும் அந்த ஆட்டம்தான் வரவிருந்தது. ஒரு மனிதர் பேசினார். ஒரு வசனம் சொல்வார், பிறகு பேசாமல் இருப்பார். திரும்பவும் கொஞ்சம் சொல்வார், திரும்பவும் பேசாமல் இருப்பார். எங்களுக்கு அவர் சொன்ன ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ஆட்கள் செத்துப்போனார்கள் என்று அவர் பேசாமல் இருந்ததில் இருந்து விளங்கியது. பிறகு அந்த அலைவரிசை ஒளிபரப்பையே நிறுத்திவிட்டது. இந்த நாட்டின் மொழியில் நான் முதலில் விளங்கிக்கொண்டது அந்த மனிதர் பேசாமல் இருந்ததைத்தான்.

அப்பா அன்று எழும்பிப் போனவர், கன நாட்கள் பொது அறைப் பக்கம் வரவில்லை. பிறகு ஒருநாள் சமையலறை வாசலில் வந்து நின்றார். "எனக்குத் தெரியேல்லை" என்றார். தெரியாவிட்டால் சும்மா இருந்திருக்கலாம் என்று நான் சொன்னேன். அப்போது என் வாயும் லேசுப்பட்ட வாய் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வேறு யாராவது என்றால் நீ யார் எனக்குச் சொல்ல என்று கேட்டிருப்பார்கள். நான் சொன்னதை அவர் எவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த பருவம் தொடங்கியபோது இங்கிலாந்தில் தொலைக்காட்சிக்காரர்களுக்கும் கழகங்களுக்கும் ஏதோ ஒப்பந்தத் தகராறு. புது வருடம் பிறக்கும்வரை ஒரு ஆட்டமும் காட்டவில்லை. எங்கள் பெட்டியில் ஏற்கெனவே சத்தம் இல்லை, இப்போது படமும் போய்விட்டது. சனிக்கிழமை பின்னேரத்தில் கழகங்களின் பெயரும் கோல் கணக்கும் எழுத்தில் மட்டும் வரும், அவ்வளவுதான். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் மாமா நடக்கப் போவார், நானும் போவேன், கொஞ்ச நாளில் அப்பாவும் சேர்ந்துகொண்டார். ஊர் மேட்டில் இருக்கிற பழைய கோட்டைக்கு ஏறிப் போய், காட்டு வழியால் இறங்கி வருவோம். அவர் பேசவே மாட்டார். அவ்வளவு பெரிய வாய்க்காரன் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நடந்து வருவதைப் பார்க்க முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பாவமாக இருந்தது, பிறகு பிடித்துப்போய்விட்டது. ஆகவே ராசா, நீ பிறந்ததற்கு இங்கிலாந்துத் தொலைக்காட்சிக்காரர்களின் அந்தத் தகராறும் ஒரு காரணம். இதை உன் மேலாளரிடம் சொல், சிரிக்கத் தெரிந்தவராக இருந்தால் சிரிக்கட்டும்.

தை மாதம் ஆட்டங்கள் திரும்பவும் வந்தன. பெடியள் அப்பாவைக் கூப்பிட்டு அந்தக் கதிரையில் இருத்தினார்கள். அவர் இருந்தார், முழு ஆட்டத்தையும் பார்த்தார், ஒரு சொல்லும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எங்களுக்கு அனுமதி கிடைத்தது, கலியாணம் நடந்தது, வேலை கிடைத்தது, வீடு எடுத்தோம். வெளியே அவர் பழையபடி வாய்க்காரன்தான், கடையில், கோயிலில், வேலையிடத்தில் எல்லாம் அவர் குரல்தான் கேட்கும். ஆனால் உதைபந்தாட்டம் பார்க்கும்போது மட்டும் வாய் திறக்கமாட்டார். அதை நானும் அவரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

பிறகு நீ. உனக்கு நாலு வயது இருக்கும். ஓடையில், அதுதான் எங்கள் பழைய வீட்டின் நீளமான நடைவழியில், அப்பாவின் காலுறைகளை உருட்டிப் பந்தாக்கி உதைத்துக்கொண்டிருந்தாய். செருப்பு வைக்கிற தட்டுத்தான் கோல். அப்பா வேலையால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்குக் கறி விட்டுக்கொண்டு நின்றேன். நீ ஓடி வந்து உதைத்தாய், காலுறை தட்டுக்குக் கீழே போனது. அப்பா சாப்பாட்டுக் கையோடு, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "மீன்காரன் வாறான், கரையாலை வாறான், விதானையார் பாத்துக்கொண்டு நிக்கிறார்." கறிக் கரண்டி என் கையில் அப்படியே நின்றது. நீ திரும்பிப் பார்த்து, இன்னொருக்காச் சொல்லுங்கோ என்றாய். அவர் சொன்னார். அன்று நீ களைத்து விழும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்பாவிடம் இருந்து உனக்கு வாய் வந்தது என்று சனம் சொல்கிறது. அவருடைய வாயைத் திருப்பிக் கொடுத்தவனே நீதான் என்று அவர்களுக்குத் தெரியாது.

நீ இந்த வேலைக்குப் போகிறேன் என்றபோது நான்தான் தடுத்தேன். கத்துவதும் ஒரு தொழிலா என்று கேட்டேன். காப்புறுதி அலுவலகத்தில் கதிரை இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது என்று நாள் முழுக்கப் பாடினேன். அது பிழை. உன் தொழில் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. முதியோர் இல்லத்தில் இத்தனை வருடம் வேலை செய்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள், ஒருவர் சாகக் கிடக்கிற அறைக்குள் போனால் காலநிலையைப் பற்றிக் கதைப்பார்கள், யன்னலைத் திறக்கவா, தலையணையை உயர்த்தவா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பயத்தில் கதைக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. பேசாமல் பக்கத்தில் இருக்கப் பழக அவர்களுக்குக் கனகாலம் எடுக்கும். சிலருக்குக் கடைசிவரை வராது. உனக்கு யாரும் பழக்கவில்லை. ஒலிவாங்கி முன்னால் இருக்க, பேசினால்தான் சம்பளம் என்று இருக்க, நீ அன்று மைதானத்தில் விழுந்த அந்த மனிதருக்காகப் பேசாமல் இருந்தாய். சொல் வரவில்லை என்கிறாய். வராமல் இல்லை ராசா. அந்த இடத்துக்குச் சொல் தேவையில்லை என்று உனக்குத் தெரிந்திருந்தது. அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார் என்று பிறகு சொன்னாய். அவர் பிழைக்காமல் போயிருந்தாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன்.

இந்த வேலை உனக்கு அலுத்துப்போய் விட்டால் விடு. வீட்டுக்கு வா, குரக்கன் புட்டு அவித்துத் தாறேன், அலுவலகத்துக்குப் போ, நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஆனால் அன்று பேசாமல் இருந்தது குறை என்று நினைத்து வேலையை விட்டால், அந்த ஹைம் அறையில் நான் வாய் திறந்து நிப்பாட்டுங்கோ என்று சொன்னதும் குறை என்றாகிவிடும். அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ளவேண்டும். நீ வேலையை விடப்போகிறாய் என்று கேட்ட நாளிலிருந்து அப்பா திரும்பவும் பேசாமல் இருக்கிறார். உதைபந்தாட்டம் பார்ப்பதில்லை. இந்தச் சனிக்கிழமை பின்னேரம் ஆட்ட நேரத்தில் தோட்டத்துக்குப் போய், ஏற்கெனவே மழையில் நனைந்து நின்ற போஞ்சிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டார். தான் அந்தப் பிரசெல்ஸ் ஆட்டத்தன்று சிரித்ததன் பலன் மகனில் வந்து விழுந்திருக்கிறது என்று நினைக்கிறார். அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் அவரோடு இத்தனை வருடம் வாழ்ந்தவள், எனக்குச் சொல்லத் தேவையில்லை.

இது அவருடைய கதையும் என்பதால், எழுத முன்னம் அவரிடம் கேட்டேன். தோட்டத்தால் வந்து கை கழுவிக்கொண்டு நின்றார். பிள்ளைக்கு அந்தப் பிரசெல்ஸ் கதையை எழுதப்போகிறேன், உங்களுக்கு விருப்பமில்லாவிட்டால் சொல்லுங்கோ என்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவர் குழாயைப் பூட்டவில்லை.

"எழுதும்," என்றார். "ஆனா நான் சிரிச்சதையும் எழுதும். தெரியாமச் சொல்லிப்போட்டார் எண்டு மட்டும் எழுதி என்னைக் காப்பாத்தாதையும்."

நேற்றுப் பின்னேரம், இதுவரை எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை, நித்திரையாகிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். ஏதாவது சேர்க்கவேண்டுமா என்று கேட்டேன்.

"நான் வாயைத் திறந்த இடத்திலை அவன் வாயை மூடியிருக்கிறான்," என்றார். "எங்கள் ரெண்டு பேரிலையும் அவன்தான் வர்ணனையாளன். அதை அப்பா சொன்னவர் எண்டு எழுதும்."

எழுதிவிட்டேன், ராசா.